தங்கச்சி தலை தீபாவளிக்கு 26 பேருக்கு நான் பொங்கிப் போட்ட கதை

பண்டிகைக்கு வீட்டுக்கு இருபது பேருக்கு மேல சாப்பிட வர்றாங்க, சமைக்கிறது நீங்கதான், அதுவும் இதான் முதல் தடவன்னா இதை முழுசா படிச்சிருங்க. எனக்கு யாரும் சொல்லல. சொல்லியிருந்தா ஒன்பதாயிரம் ரூபா மிச்சமாயிருக்கும், அத விடுங்க, ஒரு மனுசன் எங்க வீட்டு சோபாவுல வேர்த்து ஊத்தி சரிஞ்சு உக்காந்தத நான் பாத்திருக்க வேண்டியதே இல்ல.

2024 தீபாவளி, அக்டோபர் 31, வியாழக்கிழமை. என் தங்கச்சிக்கு தலை தீபாவளி. எங்க வீடு மதுரை, மாப்பிள்ளை வீடு திண்டுக்கல். அப்பா தவறி பல வருஷமாச்சு. அம்மா செப்டம்பர் கடைசியில பாத்ரூம்ல வழுக்கி விழுந்து வலது கை மணிக்கட்டுல மாவுக்கட்டு. என் வீட்டுக்காரி வளைகாப்பு முடிஞ்சு அவங்கம்மா வீட்டுக்குப் போயாச்சு. ஆக அடுப்படியில நான் ஒரே ஆளு. எனக்கு தெரிஞ்ச சமையல்னு பாத்தா ரசம், முட்டை பொரியல், ஞாயித்துக்கிழமை அரைக்கிலோ சிக்கன், அவ்ளோதான். ஒரு சமையல் மாஸ்டர வச்சு சமாளிச்சிரலாம்னு ஒரு குருட்டு தைரியம்.

முதல்ல 16 பேருன்னுதான் கணக்கு. நாங்க ரெண்டு பேரு, தங்கச்சியும் மாப்பிள்ளையும், பெரியப்பா வீட்ல அஞ்சு, அத்தை வீட்ல நாலு, மாமா வீட்ல மூணு. அம்மா சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு முறைக்கு அழைக்கும்போது “நீங்களும் குடும்பத்தோட வந்துரணும்”னு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்காங்க. நம்ம ஊர்ல இது எல்லாரும் சொல்றதுதான், எல்லாரும் “ஆகட்டும் பாக்கலாம்”னு சொல்லிட்டு வரமாட்டாங்க. ஆனா அந்த வருஷம் கவர்மென்ட் வெள்ளிக்கிழமையும் லீவு விட்ருச்சு, வியாழன்ல இருந்து ஞாயிறு வரைக்கும் நாலு நாள் சேந்தாப்ல லீவு, அவங்க நிஜமாவே கிளம்பிட்டாங்க. எட்டு பேரு. பெரியப்பா மகன் கூட வேலை பாக்குற ரெண்டு வடக்கத்தி பசங்க ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காம அவன் கூட வர்றாங்கன்னு அதுவும் சேந்துச்சு. 26. இந்த நம்பர் எனக்கு முழுசா தெரிஞ்சது 27ஆம் தேதி ராத்திரி.

அப்பவே நான் செஞ்சிருக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சம்பந்தி வீட்டுக்கு போன் போட்டு யாரு என்ன சாப்பிடுவாங்க, எத்தன மணிக்கு சாப்பிடுவாங்கன்னு கேட்டிருக்கணும். அம்மாகிட்ட சொன்னேன், அவங்க “சம்பந்திகாரங்ககிட்ட போய் என்ன சாப்பிடுவீங்க எத்தன பேரு வருவீங்கன்னு கேட்டா, வராதீங்கன்னு சொல்ற மாதிரி ஆயிரும்டா, மானம் போயிரும்”னு ஒரே பிடி. எனக்கும் கூச்சமாதான் இருந்துச்சு, விட்டுட்டேன். இப்ப சொல்றேன், அந்த கூச்சத்துக்கு நான் குடுத்த விலைதான் கீழ வர்ற எல்லாமே. நேரா கேக்க முடியலன்னா சுத்தி வளைச்சாவது கேளுங்க. “கார்ல வர்றீங்களா வேன் புடிக்கிறீங்களா”ன்னு கேட்டா எத்தன பேருன்னு தெரிஞ்சிரும். “மாத்திரை மருந்து சாப்பிடுறவங்க யாராச்சும் இருக்காங்களா, டிபன் எத்தன மணிக்கு ரெடி பண்ணட்டும்”னு கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, நம்மள இவ்ளோ கவனிக்கிறாங்களேன்னு சந்தோசம்தான் படுவாங்க.

அடுத்து மாஸ்டர். தெரிஞ்சவங்க மூலமா ஒருத்தர புடிச்சேன், காலையில இட்லி கறிக்குழம்பு, மதியம் சீரக சம்பா பிரியாணி, சிக்கன் வறுவல், ரசம் எல்லாம் சேத்து கூலி ஆறாயிரம், அட்வான்ஸ் மூவாயிரம் வாங்கிட்டு மளிகை லிஸ்ட் எழுதிக் குடுத்தாரு. லிஸ்ட்ட பாத்தா நெய் மட்டும் ரெண்டு கிலோ, முந்திரி ஒரு கிலோ, பட்டை கிராம்பு ஏலக்காய் ஒவ்வொண்ணும் நூறு கிராம், எண்ணெய் பத்து லிட்டர். கீழமாசி வீதியில போய் கேள்வியே கேக்காம அப்படியே வாங்கிட்டு வந்தேன். கல்யாண வீட்டுக்கு எழுதி எழுதி பழகின கை அது, 26 பேருன்னு நாம சொன்னாலும் அது அம்பது பேருக்குதான் எழுதும். பெரியவங்க யாருகிட்டயாவது லிஸ்ட்ட ஒரு தடவ காட்டுங்க. நான் அம்மாகிட்டயே காட்டல, கை வலியில இருக்காங்களேன்னு. அப்புறமா பாத்துட்டு “இது என்னடா, நூறு கிராம் ஏலக்காயா, பாயாசக் கடை வைக்கப் போறியா”ன்னு கேட்டாங்க. மிச்சமான மளிகை மட்டும் 2,800 ரூபாய்க்கு வந்துச்சு. அந்த ஏலக்காய் இன்னும் டப்பாவுல கிடக்கு.

அதிரசம் கதைய சுருக்கமா சொல்லிர்றேன், நினைச்சாலே கடுப்பாகுது. கடையில வாங்கலாம்னு நான் சொல்ல, தலை தீபாவளிக்கு வீட்டு அதிரசம் இல்லாமலான்னு அம்மா பக்கத்துல சேர் போட்டு உக்காந்து சொல்லச் சொல்ல நான் செய்யிறதுன்னு முடிவாச்சு. அரிசிய ஊறவச்ச அன்னைக்குதான், அக்டோபர் 25, வெள்ளிக்கிழமை, மதுரையில அந்த பேய் மழை. செல்லூர் பக்கமெல்லாம் தெருவுல தண்ணி ஏறி நின்னுச்சே, அதே மழைதான். எங்க தெரு மில்லுக்கும் போக முடியல, மறுநாள் போறதுக்குள்ள அரிசி நல்லா காஞ்சு போச்சு. அதிரசத்துக்கு அரிசிய நிழல்ல உலத்தி கையில ஈரம் தட்டும்போதே அரைக்கணும், காஞ்ச மாவு பாக உறிஞ்சிக்கிட்டு இறுகிரும்னு அம்மா சொன்னாங்க. சரியா அதேதான் ஆச்சு. நான் புத்திசாலித்தனமா இறுகின மாவுல இன்னும் கொஞ்சம் வெல்லத்தண்ணிய காய்ச்சி ஊத்தினேன், அது பதம் வராத பாகு. எண்ணெயில போட்டதும் அதிரசம் பிரிஞ்சு பிரிஞ்சு கருகின தூளா மெதக்குது. பாகு ஒரு சொட்டு தண்ணியில விட்டா கரையாம கையில உருட்ட வரணும், அதுக்கு முன்னாடி மாவு கிட்டயே போகாதீங்க. 650 ரூபா சாமான் குப்பைக்கு போச்சு, கடைசியில கடையில ரெண்டு கிலோ அதிரசம் 960 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து எவர்சில்வர் தூக்குல மாத்தி வச்சோம். வச்சது அம்மா. நான் ஒண்ணும் சொல்லல.

புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டருக்கு போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். ஆறு மணிக்கு, ஏழு மணிக்கு, எட்டு மணிக்கு, எப்ப போட்டாலும் அதே. அட்வான்ஸ் பணத்த அதுக்கப்புறம் நான் கண்ணுல பாக்கல. நல்ல மாஸ்டருங்களுக்கு தீபாவளிக்கு முந்தின நாள் கூட ஒரு பெரிய ஆர்டர் வந்துட்டா சின்ன ஆர்டர விட்டுட்டு போயிருவாங்களாம், இதயும் எனக்கு பின்னாடிதான் சொன்னாங்க. சின்ன ஆர்டருக்கு அட்வான்ஸ் ஐநூறு ரூபாய்க்கு மேல குடுக்காதீங்க, மீதிய வேலை முடிஞ்சதும் குடுங்க. அதோட மாஸ்டர் வரலன்னா நாமளே செய்யக்கூடிய அளவுக்கு மெனு போடுங்க. நான் போட்டது மாஸ்டர் வந்தா மட்டுமே நடக்குற மெனு.

அந்த நேரத்துல நான் கறிக்கடை லைன்ல நிக்கிறேன். மட்டன் கிலோ 900, அஞ்சு கிலோ, ஒன்றரை மணி நேரம் நின்னேன். வீட்டுக்கு வந்து மாவாட்ட ஆரம்பிச்சப்ப மணி எட்டரைக்கு மேல. ஆளுக்கு நாலு இட்லின்னு வச்சாலும் நூறு இட்லிக்கு மேல வேணும், அதுக்கு ரெண்டு கிலோ இட்லி அரிசி, அரைக்கிலோ உளுந்து. வீட்டு கிரைண்டர் ரெண்டு லிட்டர்தான், உளுந்து ஒரு ஈடு, அரிசி ரெண்டு ஈடுன்னு ஓட்டி முடிக்க பத்தரை மணி ஆயிருச்சு. தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஏற்கனவே வந்தாச்சு, அது “அண்ணே நான் அரைக்கிறேன்”னு வந்துச்சு, தலை தீபாவளிக்கு வந்த பிள்ளைய வேலை வாங்குறதான்னு அம்மா விரட்டி விட்டுட்டாங்க. காலையில அஞ்சு மணிக்கு எண்ணெய் தேச்சு குளிச்சிட்டு வந்து மாவு மூடிய தொறக்குறேன், ராத்திரி வச்ச மாதிரியே அப்படியே கிடக்கு. ஆறரை மணி நேரத்துல, அதுவும் மழைக்குளுர்ல, மாவு எப்படி பொங்கும்? எட்டு பத்து மணி நேரமாவது வேணும். மதியமே அரைச்சிருக்கணும். இல்லன்னா தெரு மாவுக்கடையில முந்தின நாளே சொல்லி வச்சு புளிச்ச மாவ வாங்கியிருக்கணும், அதுல ஒரு கேவலமும் இல்ல. ஒரு தட்டு இட்லி ஊத்தி பாத்தேன், பிள்ளைங்க பம்பரம் விடலாம் அதுமேல. சரி தோசையா ஊத்திரலாம்னு முடிவு பண்ணேன். இதுதான் அன்னைக்கு நான் பண்ண பெரிய தப்பு, ஏன்னா இட்லி ஒரு ஈட்டுக்கு முப்பது வெந்து வரும், தோசை ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். 26 பேருக்கு ஒரு தோசைக்கல்லுன்னா கடைசி ஆளு சாப்பிட மதியம் ஆயிரும்.

ஆறு டு ஏழு வெடிக்கிற டைம், பிள்ளைங்க எல்லாம் தெருவுல. சரியா ஏழு மணிக்கு திண்டுக்கல்லுல இருந்து வேன் வந்து நிக்குது. எல்லாரையும் வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வச்சுட்டு வந்தா, சம்பந்தியம்மா அடுப்படி வாசல்ல நின்னு மெதுவா சொல்றாங்க, “தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க, வியாழக்கிழமை நாங்க கவுச்சி தொடுறதில்ல, நாளைக்கு அமாவாசை, கேதார கௌரி நோன்பு வேற எடுக்குறோம். எங்க சின்ன மருமகளும் அவ அக்காவும் சனிக்கிழமை சஷ்டி விரதம் ஆரம்பிக்கிறாங்க, அவங்களும் நிறுத்திட்டாங்க.” எண்ணிப் பாத்தா எட்டுல அஞ்சு பேரு கறி சாப்பிடல. வடக்கத்தி பசங்கள்ல ஒருத்தன் சுத்த சைவம், அது தனி. ஆறு பேருக்கு ஊத்திக்க ஒரு சொட்டு குழம்பு இல்ல, சட்னிக்கு தேங்கா ஒடைக்கல, இருக்கிற கரண்டி எல்லாம் கறிக்குழம்புல கிடக்கு. எனக்கு அப்படியே தலை சுத்துச்சு. அழுகையே வந்துருச்சு, குழாய தொறந்து விட்டுட்டு மூஞ்சிய கழுவிக்கிட்டேன். நம்ம பக்கம் தீபாவளின்னாலே கறிதான்னு நாம நினைச்சுக்கிறோம், ஆனா தீபாவளிய ஒட்டியே அமாவாசை வரும், அதுக்கு அடுத்த நாளே கந்த சஷ்டி விரதம் ஆரம்பம், கிழமையும் வியாழன் வெள்ளின்னு விழுந்துச்சுன்னா பாதி வீட்ல கறி ஓடாது. தேதிய காலண்டர்ல பாக்கும்போதே கிழமையையும் திதியையும் சேத்துப் பாருங்க. சைவத்துக்கு ஒரு சாம்பாரு, ஒரு காய், அதுக்குன்னு தனி கரண்டி, இத யாரும் கேக்காமலே வச்சிருங்க. கறி சாப்பிடுறவங்களும் ஒரு வாய் சாம்பார் கேக்கத்தான் செய்றாங்க, மிஞ்சாது.

நம்ம வீட்டு அடுப்புல ரெண்டு பர்னர். ஒண்ணுல கறிக்குழம்பு கொதிக்குது, இன்னொண்ணுல சாம்பாருக்கு பருப்பு குக்கர் ஏத்திட்டேன், தோசைக்கல்லு வைக்க இடமே இல்ல. எட்டு இருபதுக்குதான் முதல் தோசை. எட்டு அம்பதுக்கு அடுப்பு புஸ்ஸுன்னு நின்னுச்சு. கேஸ் தீந்து போச்சு. டபுள் சிலிண்டர்தான் எங்க வீட்ல, ரெண்டாவது எப்பவோ காலியாகி மூலையில நிக்குது, புக் பண்றது என் வீட்டுக்காரி வேலை, அவ ஊருக்கு போனதுல இருந்து யாரும் பாக்கல. பண்டிகை லீவுல எந்த ஏஜென்சிகாரன் வருவான்? பக்கத்து வீட்டு அக்கா அவங்க ஸ்பேர் சிலிண்டர உருட்டிக்கிட்டே வந்து குடுத்தாங்க. பத்து நாளைக்கு முன்னாடியே சிலிண்டர தூக்கிப் பாருங்க. இல்லன்னா ஒரு ஈரத்துணியால மேல இருந்து கீழ துடைச்சு விட்டு பாருங்க, கேஸ் இருக்கிற மட்டம் வரைக்கும் ஈரம் காய லேட்டாகும், அதுலயே எவ்ளோ மிச்சம்னு தெரிஞ்சிரும்.

சிலிண்டர் மாத்திக்கிட்டு இருக்கும்போதுதான் அது நடந்துச்சு. மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு சுகர், இன்சுலின் போடுறவரு. தினமும் எட்டு மணிக்கு ஊசி போட்டு எட்டேகாலுக்கு சாப்பிடுற ஆளு. வந்த இடத்துல பழக்கதோஷத்துல எட்டு மணிக்கு ஊசிய போட்டுட்டாரு. நான் போறப்ப வர்றப்பெல்லாம் “இதோ அஞ்சு நிமிஷம் மாமா”ன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், அவரும் பாவம் கேக்க சங்கடப்பட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. முந்தி பந்தியில அவர உக்கார வச்சிருக்கலாம், ஆனா சம்பந்தி வீட்டு ஆம்பளைங்கள எல்லாம் ஒண்ணா உக்கார வைக்கணும்னு மொதல்ல பிள்ளைங்களுக்கு போட்டுட்டேன். ஒன்பதேகால் இருக்கும், அவரு சட்டை முழுக்க வேர்வை, கை நடுங்குது, ஏதோ கேட்டா குழறி பேசுறாரு, சோபாவுல அப்படியே சரியிறாரு. அவரு வீட்டம்மாதான் “சக்கர கொண்டாங்க, சக்கர”ன்னு கத்துனாங்க. மூணு ஸ்பூன் சர்க்கரைய தண்ணியில கலந்து குடிக்க வச்சோம், பத்து பதினஞ்சு நிமிஷத்துல தெளிஞ்சிட்டாரு, உடனே ரெண்டு தோசை குடுத்தோம். வீடு முழுக்க ஜாங்கிரி, லட்டு, அதிரசம். சுகர்காரருன்னு அவர் முன்னாடி இருந்த தட்ட மட்டும் நாங்கதான் நகத்தி வச்சிருந்தோம்! இன்னைக்கு வரைக்கும் அத நினைச்சா எனக்கு வயித்துக்குள்ள ஒரு மாதிரி பண்ணுது. இன்சுலின், சுகர் மாத்திரை எடுக்குறவங்களுக்கு பந்தி வரிசை, மரியாதை எல்லாம் பாக்காதீங்க. அவங்க நேரத்துக்கு அவங்களுக்கு தட்டு போட்ருங்க. முடியலன்னா “மாமா சாப்பாடு லேட்டாகும், ஊசிய இப்ப போடாதீங்க”ன்னு உண்மைய சொல்லிருங்க. அஞ்சு நிமிஷம்னு மட்டும் பொய் சொல்லாதீங்க.

அதுக்கப்புறம் நான் நிஜமாவே கைய கால ஆட்ட முடியாம நின்னுட்டேன். அப்ப மாப்பிள்ளை புது வேட்டிய மடிச்சு கட்டிக்கிட்டு உள்ள வந்து “மச்சான், வெங்காயத்த எங்க வச்சிருக்கீங்க”ன்னாரு. அம்மா பதறிட்டாங்க, தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கையில அருவாமனையான்னு. சம்பந்தியம்மா சிரிச்சுக்கிட்டே “விடுங்க மதினி, ஹாஸ்டல்ல இருந்த பையன் தான, வெட்டட்டும்”னுட்டு அவங்களும் முந்தானைய சொருகிக்கிட்டு உக்காந்து தேங்கா திருவுனாங்க. வந்தவங்க கேட்டா வேலைய குடுங்க. ராத்திரி தங்கச்சி கேட்டப்பவே கிரைண்டர குடுத்திருக்கலாம்.

மதியம் பிரியாணிக்கு வாடகை பாத்திரக் கடையில இருந்து பெரிய தேக்சா எடுத்து வச்சிருந்தேன், மூணு கிலோ அரிசி, மூணு கிலோ கறி. ஆறு பேரு சாப்பிடலன்னு தெரிஞ்ச பிறகும் அந்த பதட்டத்துல அளவ குறைக்கணும்னே தோணல. வீட்டு பர்னர் தீ அந்த தேக்சாவோட நடுவுல மட்டும்தான் படும், நடுவுல அடிபுடிச்சு ஓரத்துல அரிசி வேகாம நின்னுச்சு. தோசைக்கல்ல கீழ வச்சு, மேல தட்டுல சுடுதண்ணி பாத்திரத்த ஏத்தி, அரை மணி நேரம் தம்ல விட்டு ஒரு வழியா தேத்தினோம். வீட்டு அடுப்புல ஒரு பாத்திரத்துக்கு ஒன்றரை கிலோ அரிசிக்கு மேல போடாதீங்க, ரெண்டா பிரிச்சு ரெண்டு பர்னர்ல வச்சிருங்க, இல்ல பெரிய அடுப்பையும் சேத்து வாடகைக்கு எடுத்துருங்க. ருசி நல்லாதான் இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. தீஞ்ச வாசத்த யாரும் சொல்லல, பெரியப்பாவ தவிர.

மூணுல ஒரு பங்கு பிரியாணி மிஞ்சிப் போச்சு. எல்லாரும் கிளம்ப ராத்திரி ஒன்பதாச்சு, அதுவரைக்கும் அது தேக்சாவுலயே மூடி கிடந்துச்சு, ஃபிரிட்ஜ்ல இடமும் இல்ல, ஸ்வீட் டப்பாவா அடுக்கி வச்சிருந்தேன். ஃபிரிட்ஜே தேவைப்படாத லட்டு, முறுக்கெல்லாம் உள்ள, கறியும் சோறும் வெளிய! மறுநாள் காலையில அத நல்லா சூடு பண்ணி சாப்பிட்டு ரெண்டு நாள் படுத்துட்டேன். டாக்டர் சொன்னாரு, வெந்த சோறு மணிக்கணக்குல வெளிய இருந்தா அதுல கிருமி பெருகி விஷம் மாதிரி ஒண்ண விட்ரும், அப்புறம் எவ்ளோ சூடு பண்ணாலும் அது போகாதாம். அடுப்புல இருந்து இறக்கின ரெண்டு மணி நேரத்துக்குள்ள சின்ன டப்பாவுல பிரிச்சு ஃபிரிட்ஜ்ல வைங்க, இல்லன்னா கிளம்புற ஒவ்வொருத்தருக்கும் சூடா இருக்கும்போதே கட்டிக் குடுத்துருங்க. காலி ஐஸ்கிரீம் டப்பாவ எல்லாம் ஒரு மாசம் முன்னாடி இருந்தே சேத்து வைங்க.

படுத்துக் கிடந்தப்ப கணக்கு போட்டேன். மாஸ்டர் அட்வான்ஸ் 3,000, தேவையில்லாத மளிகை 2,800, வீணான கறி ஒரு 1,800, அதிரசம் 650, கடை அதிரசம் 960. மொத்தம் 9,210 ரூபா. வாடகை பாத்திரத்த அடிபுடிச்சு குடுத்ததுக்கு கடைக்காரரு திட்டுனத இதுல சேக்கல.

2025 தீபாவளி திங்கக்கிழமை வந்துச்சு. ஒரு மாசம் முன்னாடியே அம்மாவுக்கு தெரியாம மாடிக்கு போய் சம்பந்தியம்மாவுக்கு போன் போட்டேன். தயங்கி தயங்கி கேட்டேன், அவங்க படபடன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. திங்கக்கிழமை கறி எடுப்போம், ஆனா சாயங்காலம் அமாவாசை பொறந்துருது, மதியத்தோட முடிச்சிரணும். சின்ன மருமக கத்திரிக்கா சாப்பிட மாட்டா, கரப்பான். அதிரசம் நீங்க சுட வேண்டாம் தம்பி, நானே கொண்டாறேன், போன வருஷம் கடை அதிரசம்னு வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு. நான் நோட்டுல எழுதிக்கிட்டே போறேன், பக்கம் நிறைஞ்சு போச்சு. வைக்கப் போற நேரத்துல, “அப்புறம் தம்பி, எங்க கொழுந்தனாருக்கு மட்டும்...”னு இழுத்தாங்க.

“நாலு இட்லி, எட்டு மணிக்கெல்லாம் அவர் தட்டுல இருக்கும் அத்தை”ன்னேன்.